குழந்தைக்கு ஒரு மனைப் பலகை: கார் பூஸ்டர் சீட் சட்டமான கதை

சாப்பிட உட்காரும் மனைப் பலகையைப் போல ஒரு பிளாஸ்டிக் பொருள். மேலே கொஞ்சம் பஞ்சு, அதற்கு ஒரு துணி உறை, இரண்டு பக்கமும் கை வைத்துக்கொள்வது போல இரண்டு கொம்பு. காரின் பின் இருக்கையில் இதை வைத்து அதன் மேல் ஐந்தாறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, காரில் உள்ள சீட் பெல்ட்டையே மாட்டி விடுகிறார்கள். இதற்குப் பெயர் பூஸ்டர் சீட். பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவதைத் தவிர இது வேறு எதுவும் செய்வது போலத் தெரியாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளா இது என்று கூடத் தோன்றும்.

ஆனால் இந்தச் சாதாரண பலகை ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம் பிடிக்க எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் 1930களிலேயே கடைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் முதல் பூஸ்டர் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. இடையில் எழுபது ஆண்டுகள்! இந்த எழுபது ஆண்டுகளில் கார் வேகமானது, சாலை அகலமானது, மனிதன் நிலவுக்கே போய் வந்துவிட்டான். குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பின் சின்ன அச்சு அல்ல என்ற ஒரு விஷயம் மட்டும் சட்டம் எழுதுபவர்களுக்குப் புரிய இவ்வளவு காலம் பிடித்தது.

முதலில் வந்தது வேடிக்கை பார்க்க

1930களில் அமெரிக்காவில் பன்னி பேர் என்ற நிறுவனம் குழந்தைகளுக்கான கார் இருக்கை ஒன்றை விற்றது. அதன் நோக்கம் பாதுகாப்பு அல்ல. குழந்தை ஒரே இடத்தில் இருக்க வேண்டும், உயரமாக உட்கார்ந்தால் சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும், ஓட்டுகிற அப்பாவும் அம்மாவும் திரும்பிப் பார்த்தால் குழந்தை கண்ணில் படும். அவ்வளவுதான். 1940களில் வந்தவை இன்னும் எளிமையானவை. இரும்புக் கம்பியில் ஒரு கித்தான் பை. அதை முன் இருக்கையின் முதுகில் கொக்கி போல மாட்டி விடுவார்கள். சிலவற்றில் குழந்தை விளையாடுவதற்காக ஒரு பொம்மை ஸ்டியரிங் கூட உண்டு.

இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கார் ஒரு மரத்தில் மோதினால் அந்தக் கொக்கி கழன்று, குழந்தை நேராக முன் கண்ணாடிக்குப் போகும். ஆனால் அன்றைய பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்கே அப்போது சீட் பெல்ட் கிடையாது. விபத்து என்றால் விதி என்று நினைத்த காலம் அது.

பெல்ட் வந்தது, பெரியவர்களுக்கு

1959இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் பொலின் என்ற பொறியாளர் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டு வந்தார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் விமானிகளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். இடுப்பின் குறுக்கே ஒரு பட்டி, தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஒரு பட்டி, இரண்டும் இடுப்பின் பக்கத்தில் ஒரே இடத்தில் மாட்டும். இன்று உலகம் முழுவதும் கார்களில் இருப்பது இதுதான். வால்வோ இதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

இந்த பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பூஸ்டரின் கதை புரியும். மோதும்போது வண்டி நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்க மாட்டார், பழைய வேகத்திலேயே முன்னே போவார். அவரை நிறுத்த வேண்டிய விசை உடம்பின் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. பொலினின் பெல்ட் அதை உடம்பின் வலுவான எலும்புகளின் மேல் போடுகிறது. இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல். தோள் பட்டி காறை எலும்பின் மேலும் மார்புக்கூட்டின் மேலும். வளர்ந்த மனிதனின் இடுப்பெலும்பில் முன்பக்கம் இரண்டு மேடுகள் இருக்கின்றன. பட்டி மேலே வழுக்காமல் அவை தடுத்து நிறுத்தும்.

சிறு பிள்ளைக்கு அந்த மேடுகள் முழுதாக வளர்ந்திருக்காது. இதுதான் பின்னால் பெரிய சிக்கலாக வந்தது. அதற்கு முன் கைக்குழந்தைகளின் கதையைப் பார்க்க வேண்டும்.

விண்வெளி வீரர்களும் கைக்குழந்தையும்

1960களின் தொடக்கத்தில் பல நாடுகளில் பலர் ஒரே சமயத்தில் யோசிக்கத் தொடங்கினார்கள். 1962இல் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணி, பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கை ஒன்றை வடிவமைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த லெனார்ட் ரிவ்கின், இரும்புச் சட்டம் கொண்ட முன்பக்கம் பார்த்த இருக்கை ஒன்றைச் செய்தார். வேடிக்கை காட்ட அல்லாமல் உயிரைக் காக்க என்று செய்யப்பட்ட முதல் இருக்கைகள் இவை.

ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர் இருந்தார். பின்னாளில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்து வீரர்கள் எப்படி முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. விண்வெளி வீரரின் மேல் வரும் பெரும் விசை அவருடைய முதுகு முழுவதும் பரவுகிறது. குழந்தையையும் வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் என்ன?

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெரியவரின் தலை அவர் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு! கழுத்து எலும்புகளும் இன்னும் கெட்டிப்படவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் வண்டி மோதினால், பட்டி உடம்பைப் பிடித்துக்கொள்ளும், கனமான தலை மட்டும் முன்னே பாயும். எல்லாச் சுமையும் கழுத்துக்கு வரும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். ஆல்ட்மனின் மாதிரி இருக்கை 1964இல் வால்வோ கார் ஒன்றில் சோதிக்கப்பட்டது. அன்று தொடங்கிய பழக்கத்தால் ஸ்வீடனில் பிள்ளைகள் நான்கு வயது வரைகூடப் பின்பக்கம் பார்த்துப் பயணம் செய்வது சாதாரண விஷயமாகிவிட்டது.

தொழிற்சாலைகளும் ஓட்டையுள்ள விதியும்

1960களின் இறுதியில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களும் இறங்கின. ஃபோர்டு நிறுவனம் டாட் கார்டு என்ற இருக்கையை விற்றது. குழந்தையின் முன்னால் தலையணை போன்ற ஒரு பெரிய பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் லவ் சீட் என்ற பெயரில் கொண்டு வந்தது.

1971இல் அமெரிக்க அரசு குழந்தை இருக்கைகளுக்கு முதல் விதியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அந்த விதிக்கு எண் 213. இருக்கையை காரின் பெல்ட்டால் கட்ட வேண்டும், குழந்தையைப் பிடிக்க ஒரு பட்டி வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டது. இருக்கையை ஒரு மோதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை! மோதலுக்காகச் செய்யப்படும் பொருளை மோதிப் பார்க்காமலே விற்கலாம். 1972இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தானே சோதனை செய்தபோது, அரசு விதிக்கு உட்பட்ட இருக்கைகளில் பலவும் மோதலைத் தாங்கவில்லை என்பது தெரிந்தது.

மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்க வேண்டும் என்ற விதி 1981 ஜனவரியில்தான் வந்தது. பத்து ஆண்டுகள்! அந்தப் பத்தாண்டுகளில் கடையில் காசு கொடுத்து இருக்கை வாங்கிய பெற்றோர் எல்லாம் அது சோதிக்கப்பட்ட பொருள் என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

டென்னசி மாநிலத்து டாக்டர்

நல்ல இருக்கை கடையில் இருந்தால் மட்டும் போதாது, யாராவது வாங்க வேண்டும். 1970களில் அமெரிக்கப் பெற்றோரில் பெரும்பாலோர் வாங்கவில்லை. 1975இல் குழந்தை மருத்துவர்களின் பத்திரிகை ஒன்றில் அனமரி ஷெல்னஸ், சேமர் சார்லஸ் இருவரும் எழுதிய கட்டுரை, கார்களில் போகும் குழந்தைகளைச் சாலையில் யாரும் கவனிக்காத சிறுபான்மையினர் என்று வர்ணித்தது.

அதைப் படித்து மனம் வருந்தியவர்களில் ஒருவர் ராபர்ட் சாண்டர்ஸ். டென்னசி மாநிலத்தின் ரதர்ஃபோர்டு கவுண்டியில் பொது சுகாதார இயக்குநராக இருந்த குழந்தை மருத்துவர். அம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் தடுப்பூசி போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் டாக்டர்கள், அதே பிள்ளைகள் காரில் சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா என்பது அவர் கேள்வி. மனைவி பாட் சாண்டர்ஸும் அவருடன் சேர்ந்து உழைத்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அரசாங்கம் எனக்குச் சொல்வதா என்றார்கள் சிலர். ஏழைக் குடும்பம் இருக்கை வாங்கப் பணத்துக்கு எங்கே போகும் என்றார்கள் சிலர். 1976இல் மசோதா தோற்றது. 1977இல் நிறைவேறியது. 1978 ஜனவரி 1 முதல், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருக்கையில் வைத்துத்தான் பெற்றோர் காரில் கூட்டிப் போக வேண்டும் என்பது டென்னசியில் சட்டமானது. அமெரிக்காவிலேயே இதுதான் முதல்.

ஆனால் சட்டத்தை நிறைவேற்றும்போது சட்டமன்றத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். குழந்தையை இருக்கையில் வைக்க வேண்டும், 'அல்லது' பெரியவர் ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளலாம்! கேட்பதற்கு அன்பான திருத்தம். அம்மாவின் மடியை விடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று யாருக்குத்தான் தோன்றாது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 48 கி.மீ. என்பது நொடிக்கு சுமார் 13 மீட்டர். மோதும்போது அந்த வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பூஜ்யமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 135 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். அதுவும் எதிர்பாராமல், கண் இமைக்கும் நேரத்தில். எந்த அம்மாவாலும் முடியாது. எந்தப் பயில்வானாலும் முடியாது. அது மட்டுமல்ல, பெல்ட் போடாத அம்மாவின் உடம்பும் முன்னே பாயும். அவருக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் மெத்தை போலக் குழந்தை மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தத் திருத்தத்துக்கு 'பிள்ளையை நசுக்கும் திருத்தம்' என்று சாண்டர்ஸ் பெயர் வைத்தார். மேலும் சில ஆண்டுகள் போராடி 1981இல் அதை நீக்க வைத்தார்.

டென்னசியைப் பார்த்து மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1985க்குள் ஐம்பது மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. சாண்டர்ஸ் 2006இல் காலமானார். டாக்டர் சீட் பெல்ட் என்பது மக்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர்.

நடுவில் விடுபட்ட பிள்ளைகள்

டென்னசி சட்டம் நான்கு வயதோடு நின்றது. மற்ற மாநிலச் சட்டங்களும் கிட்டத்தட்ட அந்த வயதோடு நின்றன. அதற்கு மேல்? பெரியவர்களின் சீட் பெல்ட். நான்காவது பிறந்த நாள் முடிந்த மறுநாளே பிள்ளை பெரியவனாகிவிட்டது போல!

ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்கள் இருக்கையில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்தால் பிரச்சினை புரியும். இருக்கையின் நீளம் பிள்ளையின் தொடையை விட அதிகம். முழங்கால் மடங்க இடமில்லாததால் பிள்ளை முன்னே சறுக்கி வந்து, முதுகு வளைந்து உட்காரும். உடனே இடுப்புப் பட்டி இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். தோள் பட்டியோ கழுத்தில் உரசும். உறுத்துகிறது என்று பிள்ளை அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் அல்லது கைக்கு அடியில் போட்டுக்கொள்ளும். பெற்றோரும் சரி, பெல்ட் போட்டிருக்கிறானே என்று விட்டுவிடுவார்கள்.

இந்த நிலையில் வண்டி மோதினால் விசை முழுவதும் எலும்பே இல்லாத வயிற்றில் விழும். குடல் கிழிவது, முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முறிவது என்று ஒரே மாதிரியான காயங்களை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சீட் பெல்ட் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. உயிரைக் காக்க வந்த பட்டியின் பெயரில் ஒரு நோய்!

இதற்கு ஸ்வீடன் கண்ட தீர்வுதான் பூஸ்டர். 1970களின் பிற்பகுதியில் வால்வோ பூஸ்டர் மெத்தையை அறிமுகப்படுத்தியது. பெல்ட்டைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதற்குப் பதிலாக, பிள்ளையை பெல்ட்டுக்கு ஏற்ற உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். உயரமாக உட்கார்ந்தால் தோள் பட்டி கழுத்தை விட்டுத் தோளுக்கு வரும். பலகை நீளம் குறைவானதால் முழங்கால் மடங்கும், பிள்ளை சறுக்காது. இரண்டு கொம்புகள் இடுப்புப் பட்டியைத் தொடையின் மேல் கீழாகப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்று வேலைதான் பூஸ்டரின் வேலை. 1990இல் வால்வோ தன் காரின் பின் இருக்கையிலேயே மடித்து எடுக்கும் பூஸ்டரை வைத்தது.

அமெரிக்காவில் அப்போது இது எளிதாக நடக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அங்கே பழைய கார்களின் பின் இருக்கையில் இடுப்புப் பட்டி மட்டும்தான் இருந்தது, தோள் பட்டி கிடையாது. தோள் பட்டி இல்லாமல் பூஸ்டரில் உட்கார வைப்பது ஆபத்து, ஏனெனில் பிள்ளையின் மேல் பாதி முழுவதும் மடிந்து முன்னே போகும். அதற்காக 1980களில் முன்னால் தடுப்பு வைத்த பூஸ்டர்களை விற்றார்கள். அவற்றிலிருந்தும் பிள்ளைகள் வெளியே தூக்கியெறியப்பட்டு அடிபட்டதால் அவை வழக்கொழிந்தன.

ஆன்டன் சட்டம்

1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கார் உருண்டது. உள்ளே நான்கு வயது ஆன்டன் இருந்தான். அவன் குழந்தை இருக்கையைத் தாண்டிவிட்ட பிள்ளை. சட்டப்படி பெரியவர்களின் சீட் பெல்ட் போட்டிருந்தான். பெல்ட் அவனைப் பிடிக்கவில்லை. வண்டிக்கு வெளியே தூக்கியெறியப்பட்டு இறந்து போனான். வண்டியை ஓட்டிய அவன் அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த அம்மா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டம் சொன்னதைச் செய்தார். பூஸ்டர் சீட் என்று ஒன்று இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மற்ற பெற்றோருக்கு இது தெரியாமல் போகக்கூடாது என்று அவர் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் பூஸ்டர் சீட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். 2002 டிசம்பரில் மத்திய அரசின் சட்டமும் ஆன்டன் பெயரிலேயே வந்தது. பூஸ்டர்களுக்குத் தரவிதிகளை மேம்படுத்த வேண்டும், புதிய கார்களில் பின் இருக்கையின் நடு இடத்திலும் தோள் பட்டி வேண்டும் என்று அது சொன்னது. அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் பூஸ்டர் விதிகளைக் கொண்டு வந்தன.

இதே 1990களில் இன்னொரு சோகமும் நடந்தது. பெரியவர்களைக் காக்க வந்த ஏர் பேக், முன் இருக்கையில் உட்கார்ந்த சிறுபிள்ளைகளைக் கொன்றது. அதுவும் வேகமாக மோதாத சின்ன விபத்துகளில்! ஏர் பேக் விரியும் வேகம் வளர்ந்த ஆணின் மார்பைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த உயரத்தில் பிள்ளைக்கு இருப்பது தலை. பின்பக்கம் பார்த்த இருக்கை என்றால் குழந்தையின் தலைக்கு நேர் பின்னாலேயே ஏர் பேக் வெடிக்கும். பல குழந்தைகள் இப்படி இறந்த பிறகே, பிள்ளைகளைப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள் என்ற பிரசாரம் தீவிரமானது. இங்கேயும் அதே தவறுதான். பெரியவரை அளந்து செய்த பொருள், சிறியவர் மேல் பாய்ந்தது.

எண்கள் சொல்வது என்ன?

பூஸ்டர் உண்மையில் பயன் தருகிறதா? இதற்குப் பதில் சொல்ல உதவியது ஒரு காப்பீட்டு நிறுவனம். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டு வரும் விவரங்கள் எல்லாம் காப்பீட்டு நிறுவனத்திடம்தானே இருக்கும்? 1990களின் இறுதியில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் அந்த விவரங்களை பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்களுடன் பகிர்ந்துகொண்டது. 2003இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் பூஸ்டரில் இருந்தால், வெறும் சீட் பெல்ட் போட்டவர்களை விடக் காயம்படும் வாய்ப்பு 59 சதவீதம் குறைகிறது.

எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 2005இல் ஒரு குண்டைப் போட்டார். உயிரிழப்பு நடந்த விபத்துகளின் அரசுப் புள்ளிவிவரங்களைப் பார்த்த அவர், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உயிரைக் காப்பதில் இந்த இருக்கைகள் சீட் பெல்ட்டை விடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்றார். 2006இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் குறைகிறது என்றது அவர்கள் கணக்கு. தவறாகப் பயன்படுத்தியவர்களையும் சேர்த்தால் அது 21 சதவீதமாக இறங்குகிறது.

இந்த விவாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லெவிட் எண்ணியது சாவுகளை. மருத்துவமனை ஆய்வு எண்ணியது காயங்களை. குடல் கிழிந்தும் பிழைத்துக்கொண்ட பிள்ளை முதல் கணக்கில் 'காப்பாற்றப்பட்டவன்', இரண்டாம் கணக்கில் 'பாதிக்கப்பட்டவன்'. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எந்தக் கணக்கு முக்கியம் என்று கேட்கத் தேவையில்லை.

சட்டத்துக்கு யாரும் எதிர்பார்க்காத விலையும் இருக்கலாம். 2020இல் நிக்கர்சன், சாலமன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் புதுமையான ஒரு வாதத்தை வைத்தார்கள். சாதாரண காரின் பின் இருக்கையில் மூன்று குழந்தை இருக்கைகளை வைப்பது கடினம். மூன்றாவது பிள்ளை பிறந்தால் பெரிய கார் வாங்க வேண்டும். எட்டு வயது வரை பூஸ்டர் கட்டாயம் என்றால், மூன்று பிள்ளைகளும் ஒரே சமயத்தில் இருக்கையில் இருக்க வேண்டிய காலம் நீள்கிறது. இதனால் சில குடும்பங்கள் மூன்றாவது பிள்ளையே வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கின்றன என்பது அவர்கள் வாதம். 2017இல் இந்தச் சட்டங்கள் 57 குழந்தைகளின் சாவைத் தடுத்தன, சுமார் 8,000 பிறப்புகளையும் குறைத்தன என்று மதிப்பிட்டார்கள். இது ஒரு மதிப்பீடுதான். ஆனாலும் ஏழைக் குடும்பம் பணத்துக்கு எங்கே போகும் என்று 1970களில் டென்னசியில் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை என்பதை இது காட்டுகிறது. அதற்குச் சரியான பதில் சட்டத்தை விடுவது அல்ல, இருக்கையை எளிதில் கிடைக்கச் செய்வது. 1980களில் ஸ்வீடனில் ஃபோல்க்சாம் என்ற காப்பீட்டு நிறுவனம் குழந்தை இருக்கைகளை இரவல் கொடுத்தது. விபத்தில் இழப்பீடு கொடுப்பதை விட இருக்கை கொடுப்பது மலிவு!

வயதா, உயரமா?

ஐரோப்பா இந்தக் கேள்வியை முன்பே கேட்டது. ஜெர்மனி 1993இலேயே, 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம் வரை குழந்தை இருக்கை கட்டாயம் என்றது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் 150 செ.மீ. என்ற அளவை வைத்து, விரும்பும் நாடுகள் அதை 135 ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்றது. பிரிட்டனில் 2006 செப்டம்பர் முதல் 12 வயது அல்லது 135 செ.மீ. வரை கட்டாயமானது. பெல்ட்டுக்குப் பிள்ளையின் பிறந்த தேதி தெரியாது, உயரம்தான் தெரியும் என்பதால் இது அறிவுள்ள முறை. 2013இல் வந்த ஐ-சைஸ் என்ற புதிய ஐரோப்பிய விதி, இருக்கைகளை எடையை வைத்துப் பிரிக்காமல் உயரத்தை வைத்துப் பிரித்தது. 15 மாதம் வரை பின்பக்கம்தான் பார்க்க வேண்டும் என்றும், பக்கவாட்டு மோதலிலும் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்காவில் பக்கவாட்டு மோதலைக் கவனிக்கச் சொல்லி 2000ஆம் ஆண்டே நாடாளுமன்றம் உத்தரவிட்டும், அதற்கான விதி 2022இல்தான் வெளியானது.

இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சீட் பெல்ட் 'அல்லது' குழந்தைப் பாதுகாப்பு இருக்கை இல்லாமல் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த 'அல்லது' என்ற சொல்லைப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டினாலே அந்தப் பிரிவுக்குப் போதும். ஆன்டன் இறந்தபோது வாஷிங்டன் மாநிலச் சட்டம் நின்ற அதே இடம் அது.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

இந்த வரலாறு சொல்லித் தரும் விதிகளைச் சுருக்கமாக இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்த இருக்கையில் இருக்க வேண்டும். இருக்கையின் எடை, உயர வரம்பு தாண்டும் வரை திருப்ப அவசரம் வேண்டாம். வேலை செய்யும் ஏர் பேக் முன்னால் அதை வைக்கவே கூடாது.

2. அதன் பிறகு உள்பட்டிகள் உள்ள முன்பக்கம் பார்த்த இருக்கை. அதன் வரம்பும் தாண்டிய பிறகே பூஸ்டர்.

3. பூஸ்டருக்கு இடுப்புப் பட்டி, தோள் பட்டி இரண்டும் வேண்டும். இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் வைக்கக் கூடாது.

4. பூஸ்டரை எப்போது நிறுத்துவது? ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வரும்போது, பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள். பிள்ளையை வெறும் இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கிறதா? முழங்கால் விளிம்பில் மடங்குகிறதா? இடுப்புப் பட்டி தொடையின் மேல்பகுதியில் இருக்கிறதா? தோள் பட்டி கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவில் போகிறதா? பயணம் முழுவதும் இப்படியே உட்கார முடிகிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் பூஸ்டர் வேண்டாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் இன்னும் வேண்டும்.

5. விபத்தில் சிக்கிய இருக்கையையும், முன்கதை தெரியாத பழைய இருக்கையையும் பயன்படுத்த வேண்டாம்.

6. 13 வயது வரை பின் இருக்கைதான் நல்லது.

பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே, இவ்வளவு தூரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். மணிக்கு 48 கி.மீ. என்பது நெடுஞ்சாலை வேகம் அல்ல, ஊருக்குள் ஓட்டும் வேகம்தான். அந்த வேகத்தில் மோதுவது மூன்று மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் பிள்ளையை விளையாட விடும் பெற்றோர் யாரும் இல்லை.

ஓட்டையுள்ள விதியைச் சரி செய்ய அமெரிக்காவுக்குப் பத்து ஆண்டு ஆனது. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற திருத்தத்தை நீக்க ஒரு டாக்டர் போராட வேண்டியிருந்தது. பூஸ்டரைச் சட்டமாக்க ஒரு தாய் தன் மகனை இழந்த பிறகு பேச வேண்டியிருந்தது. சட்டம் மெதுவாகத்தான் வரும். பிள்ளையைக் காரில் ஏற்றும் பெற்றோர் அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பலகை இன்றே கடையில் கிடைக்கிறது.